அரசியல் பேசப் பழகுவோருக்குச் செட்டிநாட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

முதல் ஓட்டுப் போடக் காத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள், மாற்றலில் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ வந்து சேர்ந்த குடும்பங்கள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். இவர்கள் எல்லோரும் அடிக்கடி கேட்பது ஒரே கேள்வி: “இங்கே அரசியல் பேசலாமா? பேசினால் பகை வந்துவிடாதா?”

பேசலாம், பேசத்தான் வேண்டும். நிதானமானவர்கள் ஒதுங்கிக்கொண்டால் ஊரில் அரசியல் பேச்சு நின்றுவிடப் போவதில்லை. அது சத்தம் போடுகிறவர்கள் கைக்கு மொத்தமாகப் போய்விடும். ஆனால் பேசுவதற்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை எப்படி வரவழைத்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றில் தெளிவாக இருங்கள். “எல்லாக் கட்சியும் ஒண்ணுதான், எனக்கு எதுவும் வேண்டாம்” என்று சொல்வதைப் பலர் நடுநிலை என்று நினைக்கிறார்கள். அதற்குச் சலிப்பு என்று பெயர். நடுநிலையாளருக்குக் கருத்து உண்டு, ஓட்டு உண்டு, கட்சி உறுப்பினர் அட்டைகூடச் சட்டைப்பையில் இருக்கலாம். எதைக் காட்டினால் தன் கருத்தை மாற்றிக்கொள்வார் என்பதை அவரால் சொல்ல முடியும். அங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். பேச உட்காரும் முன் உங்களையே கேட்டுப் பாருங்கள்: இந்த விஷயத்தில் எந்தத் தகவல் கிடைத்தால் நான் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்? பதில் வந்தால் பேசத் தயாராகிவிட்டீர்கள். “எது வந்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்” என்று தோன்றினால் அன்றைக்குக் கேட்க மட்டும் போங்கள்.

இந்த மண்ணில் முன்மாதிரி உண்டு

மரியாதையோடு மறுத்துப் பேசுவது எங்கிருந்தோ இறக்குமதியான பழக்கம் என்று யாராவது சொன்னால் சிராவயலைக் காட்டுங்கள். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர், மஞ்சுவிரட்டுக்குப் பேர் போனது. 1927இல் அங்கே காந்தி வழியில் ஓர் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தவர் ஜீவானந்தம். அப்போது அவருக்கு வயது இருபது. வருணாசிரமம் பற்றி காந்தி சொன்ன கருத்து அவருக்கு ஒப்பவில்லை; காந்திக்கே கடிதம் எழுதினார். செட்டிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி அந்த இளைஞரைத் தேடிச் சிராவயலுக்கு வந்தார். உங்களுக்குச் சொத்து எவ்வளவு என்று அவர் கேட்க, இந்தியாதான் என் சொத்து என்று ஜீவா சொல்ல, நீங்கள்தான் இந்தியாவின் சொத்து என்று காந்தி பதில் சொன்னார். இந்த உரையாடலை மேடைதோறும் சொல்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தக் கடிதம். தான் போற்றும் தலைவரிடமே “இதில் உங்களோடு உடன்படவில்லை” என்று எழுதிய துணிச்சலும், எழுதியவர் இருக்கும் இடத்துக்கே வந்து பார்த்த பெருந்தன்மையும் சேர்ந்தே இருந்தன. பின்னாளில் ஜீவா பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனார். சிராவயல் சந்திப்பின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

குன்றக்குடியையும் சொல்லலாம். கடவுள் மறுப்பாளரான பெரியாரும் சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளாரும் மேடையில் எதிரெதிராகப் பேசியவர்கள். அதே பெரியார் மடத்துக்கு வந்தபோது, கொடுத்த திருநீற்றை மறுக்காமல் நெற்றியில் ஏற்றுக்கொண்டார் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இருவரும் தங்கள் கொள்கையில் ஓர் அங்குலம் நகரவில்லை.

காரைக்குடிக் கம்பன் கழகத்தை 1939இல் தொடங்கிய சா. கணேசன், 1962இல் சுதந்திராக் கட்சி சார்பில் காரைக்குடியின் சட்டமன்ற உறுப்பினரானவர். அவர் நடத்திய கம்பன் விழா மேடையில் பொதுவுடைமைக்காரரான ஜீவாவும் பேசினார். இரண்டு அணி, ஒரு நடுவர், ஆளுக்கு அளந்து கொடுத்த நேரம் என்ற பட்டிமன்ற முறைக்குப் பழகிய ஊர் இது. அந்த ஒழுங்கில் பாதியைத் தேநீர்க் கடைக்குக் கொண்டுவந்தால் போதும்.

சின்ன விஷயத்தில் கை வையுங்கள்

புதிதாகப் பேச வருபவர்கள் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் டெல்லிக்குப் போவது. வெளியுறவுக் கொள்கையையும் தேசத்தின் எதிர்காலத்தையும் பற்றி உங்கள் தெருவில் யாரிடமும் நேரடித் தகவல் கிடையாது. செய்தியில் வந்ததையும் கைப்பேசியில் வந்ததையும் ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருப்பீர்கள். ஊருணியில் கழிவுநீர் கலக்கிறதா, பேருந்து ஏன் நேரத்துக்கு வருவதில்லை, பள்ளிக்கூடத்தில் எத்தனை ஆசிரியர் இடம் காலி என்று தொடங்குங்கள். நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசலாம். கட்சி வேறானாலும் கண் முன்னால் கிடக்கும் சாக்கடை இருவருக்கும் ஒன்றே.

கையில் ஒரு தாள் இருப்பது நல்லது. அரசு அலுவலகத்திலிருந்து தகவல் வேண்டுமென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. எதிர்த் தரப்பில் இருப்பவரையும் அந்த மனுவைச் சேர்ந்து எழுதக் கூப்பிடுங்கள். பதில் வரும் வரை அந்த விஷயத்தில் இருவரும் வாயை மூடிக்கொள்வது என்று பேசி வைத்துக்கொள்ளலாம்.

எங்கே உட்கார்ந்து பேசுவது

எல்லா இடமும் எல்லாப் பேச்சுக்கும் ஏற்றதில்லை. காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் பேசுவது பத்துப் பேர் காதில் விழும். பின்வாங்க யாருக்கும் மனம் வராது. அங்கே செய்தி கேட்கலாம், கேள்வி கேட்கலாம், தீர்ப்புச் சொல்ல வேண்டாம். திண்ணை நல்ல இடம். இரண்டு மூன்று பேர் மட்டும், அவசரம் இல்லாமல், போகிற வருகிறவர்களைப் பார்த்தபடி பேசலாம்.

படைப்பு, கல்யாணம், சடங்கு வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். பங்காளிகள் எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கூரையின் கீழ் கூடி முன்னோரைக் கும்பிடும் படைப்பு நாளில், ஒரே பந்தியில் மூன்று கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது கிளப்பிவிட்டால், “அம்மான், இதைச் சாயந்திரம் முகப்பில உட்கார்ந்து பேசுவோம், இப்ப சாப்பிடுங்க” என்று சொல்லிவிடலாம். சாயந்திரம் மறக்காமல் போய் உட்காரவும் வேண்டும். தள்ளிப்போட்ட பேச்சை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த தடவை உங்கள் வேண்டுகோளை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

இருக்கையையும் கவனியுங்கள். யார் திண்ணையில், யார் படியில், யார் நின்றுகொண்டு? ஆச்சிகளும் மருமகள்களும் உள்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்களா? ரேஷன் கடையைப் பற்றி நான்கு ஆண்கள் ஒரு மணி நேரம் வாதாடிக்கொண்டிருப்பார்கள். வரிசையில் நின்று அரிசி வாங்கி வந்தவர் உள்ளே அடுப்படியில் இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து முதலில் பேசச் சொல்லுங்கள். நின்றுகொண்டிருப்பவருக்கு இருக்கை போட்ட பிறகு பேச்சைத் தொடங்குங்கள். மரியாதை என்ற பெயரில் பெரியவர்கள் மட்டுமே பேசி முடிக்கும் கூட்டத்தை மரியாதையான கூட்டம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மறுப்புச் சொல்லும் முன், எதிரில் இருப்பவர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். “அண்ணே, நீங்க சொல்றது இதுதானே?” என்று கேளுங்கள். அவர் “ஆமா, அதத்தான் சொல்றேன்” என்று தலையாட்டும் வரை உங்கள் வாதத்தைத் தொடங்காதீர்கள். அவர் “இல்ல இல்ல” என்றால், அதுவரை நீங்கள் மறுத்துக்கொண்டிருந்தது அவர் சொல்லாத ஒன்றை.

முடிந்தால் அவர் வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்லிக் காட்டுங்கள். எதிர்த் தரப்பின் பலவீனமான பேச்சாளரைத் தேடிப் பிடித்து மடக்குவதில் ஒரு பயனும் இல்லை.

சச்சரவு எதில் என்று பிரித்துப் பாருங்கள்

பாதிச் சண்டைகள் இரண்டு உண்மைகள் மோதிக்கொள்வதால் வருபவை. 2022இல் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்ந்தபோது எங்கள் பக்கம் நடந்த ஒரு பேச்சைச் சொல்கிறேன். ஒருவர், “வரிய ரெட்டிப்பாக்கிட்டாக, குடும்பம் எப்படி நடத்துறது?” என்றார். இன்னொருவர், “சும்மா சொல்லாதீக, கால்வாசிதான் கூடியிருக்கு, ரசீது வச்சிருக்கேன்” என்றார். குரல் உயர்ந்தது. நீ அந்தக் கட்சி, அதனால் அப்படிப் பேசுகிறாய் என்பது வரைக்கும் போய்விட்டது. நடுவில் இருந்த தம்பி ஒருவன் கேட்டான்: “ஐயா, ரெண்டு பேர் வீடும் எத்தனை சதுர அடி?”

அத்தோடு சத்தம் அடங்கிவிட்டது. அந்த உயர்வு வீட்டின் அளவைப் பொறுத்தது. சென்னை நீங்கலான மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதம். 601 முதல் 1,200 வரை 50. 1,201 முதல் 1,800 வரை 75. அதற்கு மேல் 100 சதவீதம். முதலாமவருடையது முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக ஓடும் பழைய வீடு. இரண்டாமவருடையது இரண்டு அறை வீடு. இருவரும் சொன்னது உண்மை. அதன்பிறகுதான் பேச வேண்டிய கேள்வி வெளியே வந்தது: வருமானம் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்கும், ஆள் குடியிருக்கும் பெரிய வீட்டுக்கும் ஒரே அளவுகோல் சரியா? அதில் அவர்கள் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்வது நின்றுவிட்டது.

ஆகவே வாக்குவாதம் சூடேறும்போது மூன்றாகப் பிரியுங்கள். தகவலில் சண்டையா? தாளைத் தேடுங்கள், முடிந்துவிடும். எது முக்கியம் என்பதிலா? அதற்குத் தாள் உதவாது. அவரவர் ஏன் அதை முக்கியமென்று நினைக்கிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். இல்லை, பயத்திலா? பயத்துக்குப் புள்ளிவிவரம் சொல்லக்கூடாது. என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

2024இல் காரைக்குடி மாநகராட்சியாக உயர்ந்து, சுற்றிலும் இருந்த சில பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் அதில் சேர்ந்தபோது இந்த மூன்றும் ஒரே பேச்சில் கலந்து கிடந்தன. சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடைக்குக் கூடுதல் நிதி வரும் என்றார்கள் ஒரு பக்கம். நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டும்தானே, எங்களுக்கு அது போய்விடுமே என்றார்கள் மறுபக்கம். நிதி பற்றியது தகவல், அரசாணையில் தேடலாம். வளர்ச்சியா, கைக்கு வரும் கூலியா என்பது எது முக்கியம் என்ற கேள்வி. “நாளைக்கு எங்க ஊரு பேரே இல்லாமப் போயிரும்” என்று ஒரு பாட்டி சொன்னது பயம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முயன்றவர்களை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. கூலியை நம்பியிருக்கும் வீட்டுக்காரர் எதிர்ப்பதும், பாதாளச் சாக்கடைக்காகக் காத்திருப்பவர் ஆதரிப்பதும் இரண்டுமே நியாயமான நிலைப்பாடுகள் என்பதை இருவர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பேரும் சாதியும்

எதிர்த் தரப்பார் தங்கள் தலைவரை எந்த மரியாதையோடு குறிப்பிடுகிறார்களோ, அதே மரியாதையோடு நீங்களும் குறிப்பிடுங்கள். “அவன்”, “அவ”, பட்டப்பெயர், ஊனத்தையோ நிறத்தையோ வைத்த கேலி எதுவும் வேண்டாம். கொள்கையை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் தாக்கலாம். தலைவரை ஒருமையில் பேசிய அடுத்த நிமிடம் எதிரில் இருப்பவர் உங்கள் வாதத்தைக் கேட்பதை நிறுத்திவிடுவார். அவர் வீட்டில் அந்தத் தலைவர் படம் மாட்டியிருக்கும்.

“அவுக ஆளு நிக்கிறாருல்ல, அதான் அப்படிப் பேசுறாக.” இந்த வாக்கியத்தை உங்கள் பேச்சிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். ஒருவர் கருத்துக்கு அவர் சாதியைக் காரணமாகச் சொன்னால், அவர் சொன்ன எதையும் நீங்கள் கேட்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டதாக அர்த்தம். அந்தக் கருத்து சரியா தப்பா என்பதை மட்டும் பாருங்கள்.

நடுவில் நிற்கக் கூடாத இடமும் உண்டு

நடுநிலை என்றால் எல்லாவற்றையும் பாதிக்குப் பாதி பிரித்துக் கொடுப்பது என்று எண்ணிவிடாதீர்கள். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. அந்தக் கோயில் தேரின் வடத்தை எல்லாச் சமூகத்தாரும் தொட்டு இழுக்கலாமா என்ற பிரச்சினை நீதிமன்றம் வரை போய், பல ஆண்டுகள் பதற்றமாகவே இருந்தது. நீண்ட காலம் ஓடாமல் நின்ற தேர் 2024இல் மறுபடி ஓடியது. இதில் “ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்” என்று சொன்ன நல்ல மனிதர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பேன்: தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்துவிட்டது, உரிமை மறுக்கப்பட்டவர் எதை விட்டுக்கொடுக்க வேண்டும்?

வரி எவ்வளவு, சாலை எங்கே, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் என்பவற்றில் நடுவழி தேடலாம். ஒரு மனிதர் மனிதராக நடத்தப்படுவதில் நடுவழி கிடையாது. அந்த இடத்தில் நடுநிலையாளரின் வேலை, உரிமையின் பக்கம் தெளிவாக நின்றுகொண்டே எதிர்ப்பவரோடும் பேச்சை அறுத்துக்கொள்ளாமல் இருப்பது. கஷ்டமான வேலைதான். குரலை உயர்த்தாமல் “இதில் நான் உங்களோடு இல்லை” என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போக வேண்டும்.

கிராம சபைக்குப் போங்கள்

திண்ணையில் பழகியதைச் சபையில் பயன்படுத்த வேண்டும். ஊராட்சியில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்; அழைப்பிதழுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூட வேண்டும். ஊரின் மக்கள் தொகைக்குத் தகுந்தபடி குறைந்தபட்ச வருகை வேண்டும்: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆகவே மாற்றுக் கட்சிக்காரரையும் கூட்டிக்கொண்டு போவது உங்களுக்கே லாபம். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. வார்டு குழுவும் ஏரியா சபையும் உண்டு. உங்கள் கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள்.

சபையில் எழுந்ததும் பெயரும் தெருவும் சொல்லுங்கள். ஒரு கோரிக்கை, அதற்கு ஒரு காரணம், அவ்வளவே. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். “போன ஆட்சியில்”, “இந்த ஆட்சியில்” என்று தொடங்கினால் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள், உங்கள் தெருவிளக்கு எரியாமலே இருக்கும். உங்களுக்கு எதிராகப் பேச எழுந்தவரை இடைமறிக்காதீர்கள். அவரை யாராவது கத்தி உட்கார வைக்கப் பார்த்தால், “பேசி முடிக்கட்டும்” என்று முதல் ஆளாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள். கடைசியில் தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்பதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தேர்தல் நெருங்கும்போது

வேட்பு மனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26இல் உறுதிமொழி ஆவணம் தருகிறார். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். உங்களுக்குப் பிடித்த வேட்பாளருடையதை முதலில் படியுங்கள், அதன்பிறகு மற்றவருடையதை.

கைப்பேசியில் ஒரு செய்தி இரட்டை அம்புக்குறியோடு வந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். எழுதியவர் யார், எந்தத் தேதி என்பது தெரியாதவரை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவர் உங்கள் பெரியப்பா என்றால் குடும்பக் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் திருத்தாமல், தனியே கூப்பிட்டு, “பெரியப்பா, இது பழைய படம்னு தெரியுது, ஒருக்காப் பாருங்க” என்று சொல்லுங்கள். அவரே அழித்துவிட இடம் கொடுங்கள்.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை. வீட்டுக்குள்ளும் அதைக் கடைப்பிடியுங்கள். “யாருக்குப் போட்டே?” என்று மகனையோ மருமகளையோ வேலைக்கு வருபவரையோ கேட்காதீர்கள். கேட்டால் சொல்லியாக வேண்டிய நிலையில் இருப்பவரிடம் கேட்பது இன்னும் தப்பு.

வாக்கு எண்ணும் நாளில் உங்கள் கட்சி ஜெயித்தால், வெடியைக் கட்சி அலுவலக வாசலில் வெடிக்கச் சொல்லிப் பையன்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். தோற்றவர் வீடு இருக்கும் தெருவுக்கு ஊர்வலம் போக வேண்டாம். தோற்றிருந்தால், ஜெயித்தவர் நன்றி சொல்லத் தெருவுக்கு வரும்போது கதவைச் சாத்தாமல் வாசலுக்கு வந்து, சபையில் எழுதிவைத்த கோரிக்கையின் நகலை அவர் கையில் கொடுங்கள்.